டி.சி.யில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: திருப்பூர் அவிநாசி ரோடு பக்கம் சின்னதாகப் பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். எங்கள் லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. அப்பா டையிங்கில், அம்மா செக்கிங்கில் வேலை. மகன் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் 7ஆம் வகுப்பு. போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சில பையன்கள் அவனை ‘இந்திக்காரா’ என்று கேலி பேசி, தட்டில் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். இவன் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து அடித்துவிட்டான். ஒரு பையனுக்குப் புருவத்தில் மூன்று தையல். மறுநாளே அப்பாவை வரச்சொல்லி, ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள். போய்க் கேட்டதற்கு, “பையனுக்கு 14 வயது முடிந்துவிட்டது, இனி சட்டம் பொருந்தாது” என்கிறார் தலைமை ஆசிரியர். மூன்று வாரமாகப் பையன் வீட்டில் இருக்கிறான். தங்கைக்கு 8 வயது, ஆதார் இல்லை என்று எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. அடிபட்டவன் எங்கள் பங்காளி வீட்டுப் பையன். “உனக்கென்ன பாத்தியதைன்னு நீ போற?” என்று வீட்டில் கேட்கிறார்கள். ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே பேப்பர் இல்லாத குழந்தையைக்கூடப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும் என்கிறான். நம்ம ஊரில் வெளிமாநிலக் குழந்தைகளுக்குச் சட்டம் எதுவும் இல்லீங்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சட்டம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. உங்கள் வீட்டார் கேட்ட கேள்விக்கும் அதிலேயே பதில் இருப்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 32ஆவது பிரிவு, ஒரு குழந்தையின் கல்வி உரிமை சம்பந்தமாகக் குறை உள்ள எவரும் எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறது. ரத்த சம்பந்தம் வேண்டும் என்றோ, பெற்றோர்தான் கொடுக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. வாடகைக்கு விட்டவர், பக்கத்து வீட்டுக்காரர், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆகவே, உங்களுக்குப் பாத்தியதை உண்டு.

ஆனால், புகார் எழுத உட்காரும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். அந்த டி.சி.யை வாங்கி இரண்டு வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள். ஒன்று, பள்ளியை விட்டு நீங்கிய காரணம். இன்னொன்று, மாணவரின் நடத்தை. காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிய பேப்பர் அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? தொடக்கக் கல்வி, அதாவது 8ஆம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. 5ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் தேர்வு வைத்து, தேறாதவர்களை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்த 2019 திருத்தம்கூட இந்தத் தடையில் கை வைக்கவில்லை. அதனால் ‘ஒழுங்கீனத்துக்காக நீக்கினோம்’ என்று எந்தத் தலைமை ஆசிரியரும் எழுத மாட்டார். எழுதினால் அவர் மாட்டிக்கொள்வார். குடும்பமே விரும்பி அழைத்துப் போனதாக ஒரு கடிதம் கையில் இருந்துவிட்டால், பிறகு நீக்கம் என்ற பேச்சே இல்லை.

இது ஒடிசாப் பையனுக்கு மட்டும் நடப்பதில்லை. பவானி, காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. ஆனால், உள்ளூர் அப்பாவுக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரியும். “நான் எதுக்குங்க இதுல கையெழுத்துப் போடணும்?” என்று கேட்கத் தெரியும். கூட வர ஒரு மாமனோ மச்சானோ இருப்பார். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு, சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் கெஞ்சிக் கேட்டு வந்த மனிதருக்கு, முன்னால் நீட்டப்படும் தமிழ்க் கடிதத்தில் என்ன தெரியும்? கையெழுத்துப் போட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார். அந்தக் கையெழுத்தை விருப்பம் என்று நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சட்டமும் ஒத்துக்கொள்ளாது. எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

ஆகவே முதல் மனு அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். யார் முதலில் அடித்தது, யார் கேலி பேசியது என்ற வழக்கையெல்லாம் அதில் கொண்டுவராதீர்கள். சின்னதாக, அப்பா பேசுவது போலவே இருக்கட்டும்:

“எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்தத் தேதியில் பள்ளியில் நான் கையெழுத்திட்ட கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டவில்லை. என் மகனைப் பள்ளியை விட்டு அழைத்துச் செல்ல நான் விரும்பவில்லை, விரும்பியதும் இல்லை. டி.சி.யை ரத்து செய்து அவனை அதே வகுப்பில் உட்கார வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவு போதும். கீழே, இதை ஒடியாவிலோ இந்தியிலோ அவருக்குப் படித்துக் காட்டியவர் யார் என்று ஒரு வரி சேர்த்து, படித்துக் காட்டியவரும் கையெழுத்திட வேண்டும். பள்ளி செய்த தவறையே நாமும் செய்யக் கூடாது, பாருங்கள். தலைமை ஆசிரியருக்கு ஒன்று, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்று, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒன்று. நேரில் கொடுத்தால் நம் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

டி.சி. போட்டதும், பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் பையனின் பெயர் அந்தப் பள்ளியிலிருந்து நீங்கி ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். தலைமை ஆசிரியர் மனம் மாறி “சரி, நாளைக்கு வரச்சொல்லுங்க” என்று சொன்னால் மட்டும் போதாது. பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத் திரும்பத் தன் பள்ளியில் சேர்த்தாரா என்று பாருங்கள். அதைச் செய்யாமல் வெறுமனே வகுப்பில் உட்கார வைத்தால், வருகைப் பதிவு இருக்காது. வருடக் கடைசியில் இவன் எங்கள் மாணவனே இல்லை என்பார்கள்.

அடுத்தது, 14 வயது விஷயம். தலைமை ஆசிரியர் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை என்பது உண்மை. ஆனால், 4ஆவது பிரிவையும் படிக்க வேண்டும். பள்ளியிலேயே சேராத, அல்லது படிப்பை இடையில் விட்ட குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், தேவையான சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், அப்படிச் சேர்ந்த குழந்தைக்கு 14 வயது தாண்டினாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது அது. ஊர் மாறி வந்த குடும்பங்களுக்கு இந்தச் சட்டத்தில் இதைவிட முக்கியமான வரி இல்லை என்பேன். 14 வயதில் 7ஆம் வகுப்பில் இருக்கிறான் என்றால், இடையில் எங்கோ படிப்பு நின்றிருக்க வேண்டும். ஒடிசாவில் எந்த வகுப்போடு நின்றான், எத்தனை மாதம் பள்ளிக்குப் போகாமல் இருந்தான், இங்கே எப்போது சேர்ந்தான், சிறப்புப் பயிற்சி மையத்தில் இருந்தானா என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அப்படி இருந்தால், 8ஆம் வகுப்பு முடியும்வரை அவனுக்குப் பள்ளி பொறுப்புத்தான். வயதுக்குத் தாழ்ந்த வகுப்பில் சேர்த்ததும் பெரியவர்கள், இப்போது வயதைக் காட்டி வெளியே போ என்பதும் பெரியவர்கள். இடையில் அந்தப் பையன் செய்த தப்பு என்ன?

இதில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அது மதச் சிறுபான்மையினரோ மொழிச் சிறுபான்மையினரோ நடத்தும் பள்ளியா? அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு, அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பின் மேல் சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்க வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளி என்றால் மனுவில் இந்தச் சட்டத்தை மட்டும் நம்பாமல், விசாரணையே இல்லாமல் நீக்கியதை முன்னால் வைக்க வேண்டும். அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கும் எந்தப் பள்ளியும் ஒரு தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது.

உங்கள் தம்பி சொன்னது சரி. டெக்சாஸ் மாநிலம் 1975இல், ஆவணமில்லாமல் வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளிகள் சேர்க்க மறுக்கலாம் என்று சட்டம் போட்டது. டைலர் என்ற ஊரில், அந்தக் குழந்தைகள் படிக்க வேண்டுமானால் வருடத்துக்கு ஆளுக்கு 1,000 டாலர் கட்டச் சொன்னார்கள். வழக்கு மேலே போய், 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பெற்றோர் எப்படி வந்தார்கள் என்பதற்குக் குழந்தையைத் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ‘பிளைலர் எதிர் டோ’ என்று தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

நம் பையனின் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது 1975இல் வந்த ‘காஸ் எதிர் லோபஸ்’ தீர்ப்பு. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் மாணவர்களை 10 நாள் வரை விசாரணையே இல்லாமல் இடைநீக்கம் செய்துவந்தார்கள். அவர்களில் லோபஸ் என்ற மாணவர், சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த ரகளையில் தனக்குச் சம்பந்தமே இல்லை, பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான் என்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. குற்றம் என்னவென்று சொல்ல வேண்டும், மறுத்தால் ஆதாரத்தைக் காட்ட வேண்டும், அவன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால், 10 நாள் இடைநீக்கத்துக்கே அங்கே அவ்வளவு கேட்கிறார்கள். இங்கே ஒரு வருடப் படிப்பே போகிறது, ஐந்து நிமிடம்கூட யாரும் கேட்கவில்லை.

நம் சட்டத்தில் வெளிமாநிலக் குழந்தை என்ற பாகுபாடே கிடையாது. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேர்வதை உறுதி செய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது. குடியுரிமைச் சான்றும் அது கேட்கவில்லை. பவானிசாகர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் வீட்டுக் குழந்தைக்கும், பனியன் கம்பெனிக்கு வந்த நேபாளக் குடும்பத்தின் குழந்தைக்கும் இதே சட்டம்தான்.

இனி, அடி வாங்கிய பையனைப் பற்றி. புருவத்தில் தையல் என்பது சின்ன விஷயமில்லை. இன்னும் அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். அந்த அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கும்பலாக வந்து பள்ளியில் சத்தம் போட்டிருந்தால் தலைமை ஆசிரியர் மிரண்டுபோயிருப்பார் என்பதும் எனக்குப் புரிகிறது. நியாயமான ஒழுங்கு நடவடிக்கை என்று நான் சொல்வது, அடித்தவனை அப்படியே விட்டுவிடுவதில்லை. அடித்தவனையும் தண்ணீர் ஊற்றியவர்களையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவனுக்குத் தமிழில் தடுமாற்றம் இருந்தால் அவன் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் பேச வராதவன் சும்மா நின்றால், அதைத் திமிர் என்று எழுதிவிடுவார்கள். எத்தனை நாளாக இந்தக் கேலி நடக்கிறது, வகுப்பாசிரியரிடம் சொன்னானா, சொன்னபோது அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் வெளியே வர வேண்டும். அப்புறம் அடித்ததற்கு உரிய கண்டிப்பு இருக்கட்டும். மன்னிப்புக் கேட்கட்டும், சில வாரம் தனி இடத்தில் உட்காரட்டும், பெற்றோர் வந்து கையெழுத்துப் போடட்டும். தட்டில் தண்ணீர் ஊற்றியவர்களின் பெற்றோரும் அதே மேசை முன்னால் வந்து உட்கார வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆசிரியர் அங்கே நிற்க வேண்டும். உண்ணும் சோற்றில் தண்ணீர் ஊற்றுவதை விளையாட்டு என்று விட்டுவிட்டு, அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் குற்றம் என்று பிடித்தால், அந்த வகுப்பிலிருக்கும் மற்ற வெளியூர்ப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

இதைப் பேச ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். குழுவில் உங்களுக்குத் தெரிந்த அம்மா யாராவது இருந்தால், இந்த விஷயத்தைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் பங்காளி வீடு என்று தயங்குகிறீர்கள். உங்களால் செய்ய முடிந்ததை நானோ அதிகாரியோ செய்ய முடியாது. நீங்கள் அந்த வீட்டுக்கு நேரே போகலாம். ஒடிசா அப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போய், அடிபட்டவனைப் பார்த்துவிட்டு, தையலுக்கு ஆன செலவைக் கேட்டுக் கொடுங்கள். பையன் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கட்டும். இதனால் பள்ளிக்குத் திரும்பும் உரிமை துளியும் குறையாது. எழுதிக் கொடு என்று யாராவது ஒரு பேப்பரை நீட்டினால் மட்டும் அங்கே வைத்துக் கையெழுத்து வேண்டாம்.

போலீஸ், கேஸ் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவனை லாக்கப்பில் வைக்க முடியாது. இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும்.

ஒரு விஷயத்தைத் தயங்காமல் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வீட்டுக்காரம்மா. அவர்கள் உங்களிடம் “வேண்டாம்” என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். மனுக் கொடுப்பதற்கு முன்னால், கணவன் மனைவி இருவரிடமும் தனியாகக் கேளுங்கள். பையனிடமும் கேளுங்கள். அதே பள்ளிக்குப் போக அவனுக்கு மனம் இல்லை, வேறு பள்ளி போதும் என்றால் அதுவும் அவன் உரிமைதான். 5ஆவது பிரிவு வேறு பள்ளிக்கு மாற உரிமை கொடுக்கிறது, டி.சி. தாமதமானாலும் அதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. சேர்க்கைக்கு டி.சி.யை வற்புறுத்தக் கூடாது, அதில் வேண்டாத குறிப்புகள் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் கட்டணப் பாக்கி சம்பந்தமான ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்போதும் அந்த ‘விருப்பக் கடிதத்தை’ மறுக்கும் மனுவைக் கொடுத்துவிடுங்கள். நடத்தை என்ற இடத்தில் ஏதாவது மோசமாக எழுதியிருந்தால், திருத்திய டி.சி. வாங்காமல் விடாதீர்கள்.

மனுக் கொடுத்து ஒரு வாரத்தில் அசைவு இல்லையென்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் நகலோடு போய் நில்லுங்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டிலும் சொல்லிப் பதிவு செய்யலாம். 32ஆவது பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்; திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது கடைசி வழி. திருப்பூர் வழக்குகள் சென்னைக்குத்தான் போக வேண்டும், அதற்குள் பையனுக்கு வருடம் போய்விடும். வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண்கள், குழந்தைகள், தொழிலாளர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். தொலைபேசி எண் 15100.

தங்கையின் விஷயம் இவ்வளவு சிக்கலே இல்லை. ஆதார் இல்லை என்று பள்ளிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்பதை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. வயதுச் சான்று இல்லையென்றும் மறுக்க முடியாது என்பது கல்வி உரிமைச் சட்டம் 14ஆவது பிரிவு. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழி போதும். சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 8 வயது என்றால் 3ஆம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். ‘தமிழ் தெரியாது, ஒன்றாம் வகுப்பில் போடுகிறோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனுக்கு 14 வயதில் இன்று நேர்ந்திருப்பது நாளைக்கு இவளுக்கும் நேரும். தமிழுக்குச் சிறப்புப் பயிற்சி கேளுங்கள்.

அண்ணனின் மனுவுக்குப் பதில் வரட்டும் என்று இவள் சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டாம். பக்கத்திலிருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அம்மாவோடு இந்த வாரமே போங்கள். “ஆதார் வந்ததும் பார்க்கலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்த பிறகு, அவள் பெயர் எமிஸில் ஏறிவிட்டதா என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.